எண்பது அங்குலப் பிரிவுபசாரம்

கேக்கக்காவின் கேக் கடைப் பலகையில் மூன்றே வரிகள்தான் இருந்தன.

நாலு அங்குலம் – ஐந்து பேர்.
எட்டு அங்குலம் – இருபது பேர்.
பதினாறு அங்குலம் – எண்பது பேர்.

பதினேழு வருடங்களாக இந்த மூன்று வரிகளால் உலகத்தில் யாருக்கும் ஒரு கெடுதலும் நேர்ந்ததில்லை, அளவைத் துறை அவற்றைப் படித்துப் பார்க்கும் வரைக்கும்.

படித்தவர் ஒரு கண்காணிப்பாளர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் சுருள் நாடா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பிலிருந்து முதல் ஈடு இறங்குகிற நேரத்தில் கடைக்குள் நுழைந்து, கேக் ஊற்றும் வட்ட டின்கள் பதினொன்றையும் வரிசையாக வைத்து அளந்தார். எல்லாமே மயிரிழை பிசகாமல் இருந்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். கிளம்பப் போனவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எட்டுக்கு இருபது பேர். சரி. பதினாறுங்கிறது எட்டுக்கு எத்தனை மடங்கும்மா?"

"ரெண்டு மடங்கு சார்."

"அப்போ ஆளு?"

"நாலு மடங்கு சார்."

"அகலம் ரெண்டு மடங்கு, ஆளு மட்டும் நாலு மடங்கா? அந்த மிச்ச நாற்பது பேரு எங்கேருந்து வந்தாங்க?"

"எங்கேருந்தும் வரலை சார். அகலம் கூடும்போது நீளமும் சேர்ந்து கூடுதில்ல?"

"வட்டத்துக்கு ஏதும்மா நீளம்?" என்று கேட்டுவிட்டு, கண்காணிப்பாளர் மூன்று பேனாக்களில் சிவப்பை எடுத்தார்.

பத்து நிமிடத்தில் ஷட்டரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 'விருந்தினர் எண்ணிக்கையை மிகைப்படுத்திக் காட்டியமை. விசாரணை முடிந்து முத்திரைச் சான்று வழங்கப்படும் வரை விற்பனை கூடாது.' டின்கள் பதினொன்றும் சாக்கில் கட்டப்பட்டு ஜீப்பில் ஏறின.

கேக்கக்கா பின்னாலேயே ஓடினாள். "சார், சார், பலகையை அழிச்சிட்டு நாற்பதுன்னே எழுதிடறேன். டின்னைக் குடுத்துட்டுப் போங்க."

"அழிச்சா குத்தத்தை ஒத்துக்கிட்டதா ஆகும். அழிக்கலைன்னா குத்தம் தொடருதுன்னு ஆகும். எது உங்களுக்கு வசதின்னு நிதானமா யோசிச்சு, எழுத்து மூலமா குடுங்க."

ஜீப் போய்விட்டது. அடுப்பில் இரண்டாம் ஈடு கருகியது.

கடைக்கு வாசல் வியாபாரம் பாதிதான். மறு பாதி, மூன்று தெரு தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீன். தினமும் நூறு துண்டு சாதாக் கேக் அங்கே போக வேண்டும். கேன்டீன்காரர் நல்ல மனிதர்தான். அன்று சாயங்காலமே வந்து தாளைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அடுத்த மாசம் பத்தாம் தேதி வரைக்கும் ரஸ்க்கைப் போட்டுச் சமாளிக்கிறேன். அதுக்கு மேல பெரிய ரோட்டு பேக்கரிக்காரன்கிட்டதான் போகணும். நோயாளிங்க பொறுத்துக்குவாங்க. டாக்டருங்க ரஸ்க்கைப் பார்த்தாலே என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாங்க."

ஆக, பத்தாம் தேதிக்குள் முத்திரைச் சான்று. அது கிடைத்தால் கடை. கிடைக்காவிட்டால் வெறும் ஷட்டர்.

மறுநாள் முதல் கேக்கக்கா அளவைத் துறையின் இரண்டாம் மாடியில், திடப்பொருள் பிரிவின் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். அவளுடைய டின்கள் எதிரே பீரோ மேல் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை. தினமும் காலையில் அவளும் டின்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சாயங்காலம் அவள் மட்டும் வீட்டுக்குப் போவாள்.

ஒன்பதாம் நாள் கண்காணிப்பாளர் அவளை உள்ளே கூப்பிட்டார். குரலில் திடீரென்று வெல்லப்பாகு.

"வாங்கம்மா, உக்காருங்க. நம்ம இயக்குநர் மாசக் கடைசியில ஓய்வு பெறறார். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். பெரிய பிரிவுபசாரம், இருநூறு பேர். கேக் உங்க கையால வரணும்னு குழு தீர்மானிச்சிருக்கு."

"என் கடைக்குத்தான் நீங்க சீல் வெச்சிருக்கீங்களே சார்?"

"விக்கத்தான் தடை. வழங்கத் தடை இல்லை. கேக் வந்து சேர்ந்து, வழங்கல் முடிஞ்சதும், இயக்குநர் தன் கடைசிக் கையெழுத்தா உங்க சான்றுல போடுவார். எப்பேர்ப்பட்ட மரியாதை பாருங்க."

கேக்கக்காவுக்கு உயிர் வந்தது. "இருநூறு பேருக்கா? அதுக்கென்ன சார், எட்டு அங்குலத்துல பத்து கேக் போட்டுடறேன்."

கண்காணிப்பாளர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "பத்து கேக்காம்! நமக்கு என்ன பத்து இயக்குநரா இருக்காங்க? ஒரு இயக்குநருக்கு ஒரு கேக். அளவு எல்லாம் நீங்க கவலைப்பட வேண்டாம். குழு போட்டாச்சு."

கேக் அளவு நிர்ணயக் குழு ஐந்து பேர் கொண்டது. நான்கு அமர்வுகள் கூடியது. முதல் அமர்வில் 'விருந்தினர்' என்றால் யார் என்று வரையறுத்தார்கள்: அழைப்பிதழும் வாயும் உடைய நபர். இரண்டாம் அமர்வில் 'துண்டு' என்றால் என்ன என்று வரையறுத்தார்கள். மூன்றாம் அமர்வு, இரண்டாம் அமர்வின் வரையறை தட்டச்சாகி வராததால் தள்ளிவைக்கப்பட்டது. நான்காம் அமர்வில்தான் கணக்கு. எட்டு அங்குலத்துக்கு இருபது பேர் என்பதை, வேறு ஆதாரம் கிடைக்காததால், கேக்கக்காவின் கடைப் பலகையிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். இருபதுக்கு எட்டு. இருநூற்றுக்கு எண்பது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சுற்றறிக்கை வெளிவந்தது.

கேக்கக்கா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"எண்பது அங்குலமா சார்? ஆறே முக்கால் அடி சார் அது. என் புருஷனையே குறுக்கால படுக்க வைக்கலாம்!"

"அது உங்க குடும்ப விஷயம்."

"சார், இது ரெண்டாயிரம் பேர் கேக் சார். நான் வாயால சொன்னா உங்களுக்குப் புரியாது..." என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து பீரோ மேலிருந்து எட்டு அங்குல டின்னையும் பதினாறு அங்குல டின்னையும் இறக்கினாள். இரண்டும் ஒரே உயரம். பிரிவே பார்த்துக்கொண்டிருக்க, மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயில் சின்ன டின்னை நிரப்பி, பெரிய டின்னில் ஊற்றினாள். "ஒண்ணு." மறுபடி. "ரெண்டு. பாருங்க சார், பாதிதான் ரொம்பியிருக்கு." மறுபடி. "மூணு." மறுபடி. "நாலு!" பெரிய டின் விளிம்பு வரை தளும்பியது. "இருபது பேர் கேக்கு, நாலு தடவை ஊத்தினாத்தான் இது ரொம்புது. நாலிருபது எண்பது. என் பலகை சரிதானே சார்?"

ஓர் எழுத்தர் தன்னையறியாமல் தலையை ஆட்டிவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

கண்காணிப்பாளர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி எட்டிப் பார்த்தார்.

"இது தண்ணி" என்றார்.

"ஆமா சார்."

"தண்ணிக்குத் திரவப் பிரிவு. மூணாவது மாடி. நீங்க திடப்பொருள் பிரிவுல வந்து திரவத்தை ஊத்திக்கிட்டிருக்கீங்க. தரையைத் துடைச்சிட்டுப் போங்க."

அவள் மூன்றாம் மாடிக்கும் போனாள். அங்கே இருந்தவர், தண்ணீர் நான்கு தடவை பிடிக்கிறது என்பதைச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஆனால் கேக் என்ற சொல் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் துணை இயக்குநர் அறை. பருத்த மனிதர். கூட்டக் குறிப்பு வாசிப்பதுபோலவே வீட்டில்கூடப் பேசுவார் என்று சொல்வார்கள். கேக்கக்கா சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"அம்மா, நீங்க சொல்றது கணக்கு. கணக்கு யார் வேணா போடலாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் போடும். ஆனா அளவுங்கிறது வேற. அளவை நாங்க மட்டும்தான் சொல்ல முடியும். இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு தடவைகூடத் தப்பா அளந்ததில்லை. ஏன் தெரியுமா? நாங்க அளந்ததை வேற யாரும் அளந்து பார்க்கக் கூடாதுன்னு முதல் விதியே இருக்கு."

"அப்படீன்னா சுற்றறிக்கையை மாத்த முடியாதா சார்?"

"மாத்தலாம். மாத்தறதுக்கு ஒரு குழு போடணும். குழு போட்டா, ஏன் போட்டோம்னு கேள்வி வரும். தப்புன்னுதான் போட்டோம்னு பதில் சொல்லணும். தப்பே இல்லாதபோது அப்படி ஒரு பொய்யைச் சொல்லச் சொல்றீங்களா என்னை?"

கேக்கக்கா வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் தச்சர். பட்டறையில் ஒரு அலமாரிக் கதவை இழைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"எண்பதா? பலகை மூணு துண்டு ஒட்டணும். அடியில குறுக்குச் சட்டம் நாலு. தூக்கப் பன்னெண்டு ஆள்."

"என்னங்க, நான் அழுதுக்கிட்டிருக்கேன், நீங்க சட்டம் அடிக்கிறீங்க?"

"அழுதா பத்தாம் தேதி தள்ளிப் போகுமா? அவன் கேட்ட அளவைக் குடுத்துத் தொலைச்சிட்டு, சான்றை வாங்கு. இருநூறு பேருக்கு ரெண்டாயிரம் பேர் கேக் குடுத்தா யாரு செத்தாங்க?"

யாரும் சாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் கொஞ்சம் நெருங்கிப் போனார்கள்.

மாவும் முட்டையும் சர்க்கரையும் துறைக் கிடங்கிலிருந்தே வந்தன. இருநூறு பேருக்கு இத்தனை மூட்டையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பொருள் கொடுப்பது ஒரு பிரிவு, ஆள் எண்ணுவது வேறு பிரிவு. இரண்டுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. டின்கள் இன்னும் பீரோ மேலேயே இருந்ததால், கேன்டீன்காரர் தன் சதுரத் தட்டுகளை இரவல் கொடுத்தார். மூன்று நாள் சுட்டு, பாளம் பாளமாக அடுக்கி, க்ரீமால் பூசி ஒட்டி, விளிம்பை வட்டமாக அரிந்தாள் கேக்கக்கா. பட்டறையின் நடுவில் அது வெள்ளை வெளேரென்று ஒரு வட்டக் கட்டில் மாதிரிக் கிடந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மாதக் கடைசி நாள், மத்தியானம் இரண்டு மணி. லாரியிலிருந்து பன்னிரண்டு பேர் கேக்கை இறக்கினார்கள். விழா அரங்கின் கதவு நாலடி.

"சாய்ச்சுக் கொண்டு போங்கப்பா" என்றார் கண்காணிப்பாளர்.

"சாய்ச்சா கேக்கு இறங்கிடும் சார்" என்றார் தச்சர். "ரெண்டா வெட்டி உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துடலாம்."

"ரெண்டா வெட்டினா நாற்பது அங்குல அரைக் கேக் ரெண்டு. அரைக் கேக்குக்கு அங்கீகாரம் இல்லை."

"அப்போ கதவை இடிக்கலாமா? உளி இருக்கு."

இந்த யோசனை தீவிரமாகப் பரிசீலிக்கப்பட்டது. கட்டடப் பிரிவு அதிகாரி அன்று விடுப்பில் இருந்ததால் கதவு தப்பியது. அரங்குக்குள் கேக் வர முடியாத காரணத்தால், அரங்கு கேக்கிடம் போனது. வாகனக் கொட்டகையிலிருந்து ஜீப்புகளை வெளியே தள்ளி, நாற்காலிகளை உள்ளே போட்டு, எண்ணெய்க் கறை மேல் கம்பளம் விரித்தார்கள்.

கண்காணிப்பாளர் சுருள் நாடாவால் குறுக்கே அளந்தார். எண்பது. அவர் கண்ணில் நீர் துளிர்த்ததாகச் சொல்கிறார்கள்.

பிறகு இயக்குநர் பேசினார். "முப்பத்திரண்டு வருஷத்துல நான் ஒரு கோப்பைக்கூட அவசரப்பட்டு முடிச்சதில்லை. எனக்கு முந்தி இருந்தவர் விட்டுட்டுப் போன கோப்புகளை அப்படியே, ஒரு காகிதம் குறையாம, எனக்குப் பின்னால வர்றவங்க கையில ஒப்படைக்கிறேன். இதுதான் நேர்மை." கொட்டகை அதிரக் கைதட்டல். மூன்றே முக்கால் மணி.

கேக்கக்கா சான்றுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைத் தூணோரம் நின்றாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள், இயக்குநர் தேட வேண்டாமே என்று.

இருநூறு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு போனது. எல்லோரும் சாப்பிட்டு, கை துடைத்து, ஏப்பம் விட்டார்கள். கேக்கில் ஓரமாக ஒரு சின்ன இடம் மட்டும் குறைந்திருந்தது.

"முடிஞ்சுதா சார்?" என்று படிவத்தை நீட்டினாள் கேக்கக்கா.

துணை இயக்குநர் கேக்கைப் பார்த்தார். "முடியலையே. இவ்வளவு இருக்கே."

"மீதியை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துடலாம் சார்."

"மீதியா?" அவர் குரல் இறங்கியது. "அம்மா, இது இருநூறு பேர் கேக். இருநூறு பேரும் வந்தாச்சு. மீதி இருக்குன்னு எழுதினா, ஒண்ணு ஆள் வரலைன்னு அர்த்தம், இல்லே அளவு தப்புன்னு அர்த்தம். ஆள் வந்திருக்காங்க, கையெழுத்து இருக்கு. அளவு தப்பாக முடியாது. அப்போ என்ன அர்த்தம்?"

"என்ன சார் அர்த்தம்?"

"ஒவ்வொருத்தரும் அவங்க பங்கை முழுசா சாப்பிடலைன்னு அர்த்தம்." அவர் மைக்கை வாங்கினார். "அன்பர்களே, உங்க பங்குல பத்துல ஒரு பாகம்தான் ஆகியிருக்கு. ஆளுக்கு இன்னும் ஒன்பது துண்டு பாக்கி. வழங்கல் முடியாம யாரும் எழுந்திருக்க வேண்டாம். அதிகாரிகள் முன்மாதிரியா இருக்கணும்."

நாலு மணி. இரண்டாம் சுற்று. சிலர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். மூன்றாம் சுற்றில் சிரிப்பு நின்றது. நான்காம் சுற்றில் ஓர் எழுத்தர் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட, கண்காணிப்பாளர் அவரை எழுப்பி எல்லோர் முன்னாலும் சாப்பிட வைத்தார். ஐந்தாம் சுற்றில் திரவப் பிரிவுக்காரர், கேக் தன் பிரிவில் வராது என்று எழுத்து மூலம் கொடுத்துவிட்டு வெளியேறினார். தச்சர் ஒரு ஜீப்பின் மேல் சாய்ந்து நின்று, கல்யாண வீட்டில் பராக்குப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் இயக்குநர் ஆறாவது துண்டில் இருந்தார். முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை, மீசையில் க்ரீம். அவருக்கு எதிரே, படிவத்தோடு, குழந்தைக்குச் சோறூட்டும் தாய் மாதிரிக் கேக்கக்கா குனிந்து நின்றாள்.

"இன்னும் நாலே நாலு சார். கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடுங்க. தண்ணி குடிங்க."

"முடியலைம்மா."

"அப்போ முதல்ல கையெழுத்தைப் போட்டுட்டுச் சாப்பிடுங்களேன் சார்?"

இயக்குநர் பேனாவைத் தேடினார். துணை இயக்குநர் அவர் கையைப் பிடித்தார். "ஐயா, வழங்கல் முடியாம வழங்கல் முடிந்ததுன்னு கையெழுத்தா? முப்பத்திரண்டு வருஷ நேர்மை ஐயா!"

இயக்குநர் பேனாவை விட்டார். ஏழாவது துண்டை எடுத்தார். கேக்கக்கா கொட்டகைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்குப் பத்து. எட்டாவது துண்டு வாய்க்குள் போவதற்கும் வெளியே வருவதற்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது, அலுவலகம் முடியும் மணி அடித்தது.

மணியோடு அவர் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவரின் கையெழுத்துக்கும் கிறுக்கலுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு டிரைவர்கள் அவரைக் கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே தச்சரின் லாரியில் பாதிக் கேக்கும் அங்கேதான் போனது. ஐந்து மணிக்குப் பிறகு அது யாருடைய கேக் என்று எந்த விதியும் சொல்லாததால் யாரும் தடுக்கவில்லை. வார்டு வார்டாக நர்ஸுகள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆயிரம் பேர் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டு, வாயைத் துடைத்து, நன்றாக இருந்தது என்றார்கள். ஒரே ஒரு கட்டிலில் மட்டும் கேக் என்றதும் ஒருவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

கேக்கக்கா கையில் வெறும் படிவம். பென்சில் குறி அப்படியே இருந்தது.

"விடு" என்றார் தச்சர். "இன்னும் பத்து நாள் இருக்கே."

"அதுக்குள்ள அவங்க இன்னொரு இயக்குநரை அனுப்பணும், அவர் கோப்பைப் பார்க்கணும்... நடக்கிற காரியமாங்க?"

நடந்தது. எட்டாம் தேதி புது இயக்குநர் பொறுப்பேற்றார். நடுவயது அம்மாள், ஒரே பேனா. மாதக் கடைசிக் கூத்து காதுக்குப் போயிருக்க வேண்டும், ஆடம்பரம் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வரவேற்பு அவர் அறையிலேயே, ஐந்தே பேர்.

கண்காணிப்பாளர் கேக்கக்காவைக் கூப்பிட்டார். "வழங்கல் முடிஞ்சதும் மேடம் உங்க சான்றுல கையெழுத்துப் போடுவாங்க. கேக் எளிமையா இருக்கணும். சுற்றறிக்கை இன்னும் அமலில்தான் இருக்கு. இருபதுக்கு எட்டு. அஞ்சுக்கு?"

கேக்கக்கா வாயைத் திறந்தாள். நாலு அங்குலம் சார், என் பலகையில் முதல் வரியே அதுதான் சார் என்று சொல்லத்தான் திறந்தாள். பீரோ மேலிருந்த டின்களைப் பார்த்தாள். வாயை மூடினாள். மறுபடி திறந்தபோது வேறு சொல் வந்தது.

"ரெண்டு அங்குலம் சார்."

"பார்த்தீங்களா? இப்போ உங்களுக்கே கணக்கு வந்துடுச்சு" என்று கண்காணிப்பாளர் அவளைப் பாராட்டினார்.

ரெண்டு அங்குலத்துக்கு டின் கிடையாது. வீட்டில் காபி குடிக்கும் டம்ளரில் மாவை ஊற்றி வேக வைத்தாள். க்ரீம் பூசினாள். மேலே ஒரு செர்ரி வைத்தாள், கேக் மறைந்துவிட்டது. செர்ரியை எடுத்துவிட்டாள்.

ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணி. அகலமான வெள்ளித் தட்டின் நடுவில், சட்டையிலிருந்து கழன்று விழுந்த பொத்தான்போல் அது உட்கார்ந்திருந்தது. ஐந்து பேர் சுற்றி நின்றார்கள்.

"இது என்ன, சாம்பிளா?" என்றார் புது இயக்குநர்.

"இல்லைங்கம்மா, இதுதான் கேக்" என்றாள் கேக்கக்கா. "சுற்றறிக்கைப்படி அஞ்சு பேருக்கு. சார் அளந்துட்டாங்க."

"அளந்தேன் மேடம்" என்றார் கண்காணிப்பாளர். "ரெண்டு. துல்லியமா." கடைசிச் சொல்லில் குரல் தேய்ந்தது.

புது இயக்குநர் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தார். கேக்கைப் பார்த்தார். துணை இயக்குநரின் வயிற்றைப் பார்த்தார். மறுபடி கேக்கைப் பார்த்தார். அவருக்குக் கணக்குத் தெரியும் என்பது அவர் புருவத்திலேயே தெரிந்தது.

"யார் போட்ட கணக்கு இது?"

துணை இயக்குநர் தொண்டையைச் செருமினார். "மேடம், இந்தச் சுற்றறிக்கை தப்புன்னு இன்னைக்குச் சொன்னா, போன மாசம் இருநூறு பேருக்கு எண்பது அங்குலம் போட்டதும் தப்பாயிடும். எழுபது பேர் மருத்துவ விடுப்பு எடுத்ததும் தப்பாயிடும். அது எல்லாத்துக்கும் விளக்கம் இனிமே உங்க கையெழுத்துலதான் போகணும்."

கேக்கக்கா அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தாள். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அந்த முகம் நியாயத்தின் பக்கம் சாயப் போவதுபோல் இருந்தது. பிறகு நிமிர்ந்தது.

"சுற்றறிக்கை சரியாத்தான் இருக்கு. கேக்கும் சரியா இருக்கு. ஆள் கணக்குலதான் பிழை. விருந்தினர் ஐந்துங்கிறதை ஒண்ணுன்னு திருத்திடுங்க."

சொல்லிவிட்டு கேக்கை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். "நல்லா இருக்கே! வழங்கல் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா!" என்று படிவத்தை நீட்டினாள் கேக்கக்கா. பென்சில் குறியின் மேலேயே கையெழுத்து விழுந்தது. மற்ற நால்வரும் காலித் தட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

பத்தாம் தேதி விடியும்போது ஷட்டர் மேலே போனது. நூறு துண்டு கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தது. டின்கள் பதினொன்றும் கழுத்து அட்டைகளோடு திரும்பி வந்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் துறையின் முத்திரை ஆழமாகக் குத்தப்பட்டிருந்தது: நாலு அங்குலம், பத்து பேர். எட்டு அங்குலம், இருபது பேர். பதினாறு அங்குலம், நாற்பது பேர். பலகையையும் அப்படியே திருத்தி எழுதியாக வேண்டும். சாயங்காலம் தச்சர் ஏணி போட்டு ஏறி, சிரிக்காமல் எழுதினார்.

அவர் இறங்குவதற்குள் ஒரு பெண்மணி வந்து நின்றார். "நாளைக்குப் பையனுக்குப் பொறந்தநாள். பத்து பேருக்குக் கேக் வேணும்."

கேக்கக்கா பலகையைக் காட்டினாள். "நாலு அங்குலம்."

"இதுவா? என் பையன் ஒருத்தனே பாதியைத் தின்னுடுவானே. யாருங்க எழுதினது இதை?"

"அளவைத் துறைங்க. கண்காணிப்பாளர் கையெழுத்தே இருக்கு, டின் அட்டையைப் பாருங்க."

அந்த அம்மாள் அட்டையைக் கையில் வாங்கி, கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு அது நன்றாகத் தெரிந்த கையெழுத்துபோலிருந்தது. பெருமூச்சு விட்டார்.

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றார். "அவர் கிடக்கிறார் விடுங்க. நான் என்னைக்கு அவர் சொன்ன அளவுல உலை வெச்சிருக்கேன்? நீங்க ஆறு அங்குலமாவே போடுங்க. டப்பா மேல மட்டும் நாலுன்னு எழுதிடுங்க. வாசல்லயே நாடாவோட நிப்பார்."

"டப்பாவை அளந்தா?"

"டப்பாவை அவர் அளக்க மாட்டார்" என்றார் அந்த அம்மாள். "எழுதியிருக்கிறதைத்தான் படிப்பார்."